ஒரு புதினமும் இரு வாசகரும்

முன்னுரை

நிகழ்ச்சி ஒன்றே, அதனைக் கூறும் வாய்கள் பல. இவ்வுண்மையை நன்கு உணர்ந்தவர்கள் நம் பண்டைத் தமிழ்ப் புலவர்கள். அகப்பாடல் ஒவ்வொன்றும் யாரேனும் ஒருவரின் கூற்றாகவே அமைந்துள்ளது. தலைவன் கூற்று, தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என அவை வகுக்கப்பட்டுள்ளன. ஒரே பிரிவைத் தலைவன் ஒருவாறு உரைக்கிறான். தலைவி பிறிதொருவாறு உரைக்கிறாள். இவ்விரண்டனுள் எது மெய், எது பொய் என்று இலக்கணம் வகுத்தோர் வினவவில்லை. இரண்டும் சேர்ந்ததே அன்பின் ஐந்திணை என அமைதி கண்டனர்.

இம்மரபின் தொடர்ச்சியை இக்காலத்தில் எங்கே காணலாம் என்று எண்ணிப் பார்க்கையில், ஓர் எளிய காட்சி தோன்றுகிறது. கணவனும் மனைவியும் ஒரே புதினத்தைப் படித்துவிட்டு, இரவு உணவிற்குப்பின் அதுபற்றித் தத்தம் கருத்தை உரைக்கின்றனர். அவன் சொல்வது ஒன்று. அவள் சொல்வது வேறொன்று. இஃது எல்லா இல்லங்களிலும் நிகழ்வதன்று. நிகழும் இல்லங்களில் அது வெறும் பொழுதுபோக்காக நின்றுவிடுவதுமில்லை. இல்லறத்தில் யாருடைய சொல்லுக்கு இடமுண்டு, யாருடைய நேரம் யாருக்கு உரியது என்னும் வினாக்களை அது மெல்ல எழுப்பிவிடுகிறது. ஆகவே, ஒரு புதினத்தை இருவர் படித்துக் கருத்துப் பரிமாறிக்கொள்ளுதல் எவ்வாறு நிகழ்கிறது, அதனால் விளையும் பயன் யாது என்பதை மேகமலையையும் கம்பம் பள்ளத்தாக்கையும் களமாகக் கொண்டு விளக்க இக்கட்டுரை முயல்கிறது.

புதினத்தின் பிறப்பும் இல்லறமும்

தமிழின் முதல் புதினம் எனப் போற்றப்படுவது மாயூரம் வேதநாயகம் பிள்ளை இயற்றிய ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ ஆகும். 1879ஆம் ஆண்டு வெளிவந்த அந்நூலின் பெயர் தலைவனைக் குறித்தாலும், அதன் அறிவு விளக்காக ஒளிர்பவள் தலைவி ஞானாம்பாளே. ஆண் வேடம் பூண்டு நாடாளும் அளவிற்கு அவள் ஆற்றல் பேசப்படுகிறது. நம் மொழியில் புதினம் பிறந்தபோதே கணவனுக்கு நிகராகச் சிந்திக்கும் மனைவியொருத்தி உடன்பிறந்துவிட்டாள் என்பது கருதத்தக்கது.

1885ஆம் ஆண்டில் இலங்கையின் சித்திலெப்பை ‘அஸன்பே சரித்திரம்’ என்னும் புதினத்தை வெளியிட்டார். தமிழ்ப் புதின வரலாற்றின் தொடக்கப் பக்கங்களிலேயே முஸ்லிம் எழுத்தாளர் ஒருவரின் பங்கு இடம்பெற்றிருப்பது நினைவிற் கொள்ளத்தக்கது. ராஜம் ஐயரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’, மாதவையாவின் ‘பத்மாவதி சரித்திரம்’ ஆகியவை அந்நூற்றாண்டு முடிவதற்குள் தோன்றின. இவற்றின் பெயர்களே பெண்ணின் பெயர்களாக அமைந்தன. போர்க்களத்தையும் அரசவையையும் விடுத்து, வீட்டின் முற்றத்தையும் அடுக்களையையும் இலக்கியத்திற்குரிய இடங்களாக ஆக்கியது புதினமே. எனவே அது வீட்டிற்குள் படிக்கப்பட்டதும், வீட்டாரால் விவாதிக்கப்பட்டதும் இயல்பேயாகும்.

படைத்தவர் வரிசையிலும் பெண்கள் விரைவில் சேர்ந்தனர். பள்ளி சென்று படிக்கும் வாய்ப்பின்றி, ஐந்து வயதளவில் மணம் முடிக்கப்பட்ட வை.மு. கோதைநாயகி அம்மாள், பிற்காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட புதினங்களை எழுதினார். 1925ஆம் ஆண்டு முதல் ‘ஜகன்மோகினி’ இதழைப் பல்லாண்டுகள் நடத்தினார். அவர் எழுத்துப் பணிக்குக் கணவர் பார்த்தசாரதி உறுதுணையாக நின்றார். நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம் 1938ஆம் ஆண்டில் ‘காதலா? கடமையா?’ என்னும் புதினத்தை வெளியிட்டார். இளமையிலேயே கணவரை இழந்தவர் அவர். பள்ளிப் படிப்பும் மிகக் குறைவு. துணையிருந்து எழுதியவர் ஒருவர். துணையின்றி எழுதியவர் ஒருவர். இருவர் வாழ்வும் ஒன்றையே உணர்த்துகின்றன. பெண்ணின் கையில் நூல் சேர்ந்துவிட்டால், அவளுடைய கருத்து பிறப்பதை எவராலும் தடுக்க இயலாது.

எழுத்தாளர் இல்லங்கள்

படைப்பாளரின் இல்லத்தில் கணவனும் மனைவியும் நூலைச் சுற்றி எவ்வாறு இயங்கினர் என்பதற்குச் சான்றுகள் பல. உருசிய நாட்டில் டால்ஸ்டாயின் மனைவி சோபியா, ‘போரும் அமைதியும்’ புதினத்தின் கைப்படிகளை மீண்டும் மீண்டும் தம் கையாலேயே படியெடுத்தார். கணவரின் எழுத்தை அவரளவிற்கு ஊன்றிப் படித்தவர் வேறெவரும் இருந்திருக்க இயலாது. இங்கிலாந்தில் வர்ஜீனியா உல்ஃப் தாம் எழுதி முடித்த புதினத்தைக் கணவர் லெனார்டு உல்ஃபிடம் படிக்கக் கொடுத்து, அவர் கருத்துக்காகக் காத்திருப்பது வழக்கம். அந்த லெனார்டு 1904 முதல் 1911 வரை இலங்கையில் ஆட்சிப் பணியாற்றியவர். அங்குள்ள காட்டுச் சிற்றூர் ஒன்றைப் பற்றி 1913ஆம் ஆண்டில் புதினம் எழுதியவர்.

நம் நாட்டிலும் இத்தகைய இல்லங்கள் உண்டு. புதுமைப்பித்தன் தம் மனைவி கமலாவுக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் நூல்வடிவம் பெற்றன. கமலா விருத்தாசலம் தாமும் சிறுகதைகள் எழுதியவர் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

நம் பொருளுக்கு மிக அணுக்கமானது ராஜம் கிருஷ்ணனின் வாழ்வு. பதினைந்து வயதில் மணமுடித்த அவர், தம் இடைவிடாத வாசிப்பால் எழுத்தாளராக உயர்ந்தவர். கணவர் மின்பொறியாளர். அவர் பணியின் பொருட்டு நீலகிரியில் வாழ நேர்ந்தபோது, படகர் இன மக்களின் வாழ்வை அருகிலிருந்து கண்டு, ‘குறிஞ்சித்தேன்’ புதினத்தைப் படைத்தார். 1963ஆம் ஆண்டு வெளிவந்த அந்நூல், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியைக் காலக் கணக்காகக் கொண்டு, ஒரு மலைச் சமுதாயத்தின் தலைமுறை மாற்றத்தைக் கூறுகிறது. கணவர் மலையின் நீரை மின்னாற்றலாக மாற்றும் பணியில் இருந்தார். மனைவியோ அம்மாற்றத்தால் மலைமக்களின் வாழ்வு எவ்வாறு திரிந்தது என்று எழுதிக்கொண்டிருந்தார். ஒரே மலை, இரு பார்வை. பின்னர் 1973ஆம் ஆண்டில் ‘வேருக்கு நீர்’ புதினத்திற்காக அவர் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றார்.

மேகமலையும் மலைப் புதினங்களும்

இனி நம் மலைக்கு வருவோம். சின்னமனூரிலிருந்து மேற்குத்தொடர்ச்சி மலைமேல் ஏறும் சாலை பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேகமலையை அடைகிறது. ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் ஹைவேவிஸ், மணலாறு, வெண்ணியாறு, மகாராஜமெட்டு, இரவங்கலாறு என ஊர்கள் தேயிலைத் தோட்டங்களுக்கிடையே அமைந்துள்ளன. 2021ஆம் ஆண்டில் இப்பகுதியின் காடுகள் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டன. சுற்றுலாப் பயணிக்கு இம்மலை ஒரு பச்சைக் கம்பளம். அக்கம்பளத்தை நாள்தோறும் கிள்ளிக் கிள்ளிச் சீராக்கும் கைகள் அவன் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அக்கைகளைக் காட்டுவது இலக்கியத்தின் கடமையாயிற்று.

தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் துயரம் இந்திய இலக்கியத்தில் நெடுங்காலமாகப் பேசப்பட்டு வருகிறது. புதுமைப்பித்தனின் நெடுங்கதையான ‘துன்பக் கேணி’ 1935ஆம் ஆண்டிலேயே இலங்கைத் தோட்டத்திற்குச் சென்ற ஏழைப் பெண்ணின் வாழ்வைக் காட்டியது. முல்க் ராஜ் ஆனந்த் 1937ஆம் ஆண்டில் அசாம் தோட்டங்களைப் பற்றி ஆங்கிலத்தில் புதினம் எழுதினார். கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ 1964ஆம் ஆண்டில் இலங்கை மலையகத் தமிழரின் வாழ்வைப் பேசிற்று. வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி.எச். டேனியல், தொழிலாளர் வாய்மொழியாகக் கேட்டவற்றைக் கொண்டு ஆங்கிலத்தில் எழுதிய புதினம் 1969ஆம் ஆண்டு வெளிவந்தது. அதனை இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்னும் பெயரில் தமிழாக்கினார். 2013ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பரதேசி’ திரைப்படம் அப்புதினத்தைத் தழுவியதே.

மேகமலைக்கென்று தனிப் பெரும் புதினம் வேண்டும் என்னும் ஏக்கம் இப்பகுதி வாசகர்க்கு உண்டு. அது வரும்வரை, பிற மலைகளின் கதைகளையே நம் மலையில் வைத்துப் படித்துப் பார்க்கிறோம்.

இருவர் படித்த மூன்று புதினங்கள்

கருத்துப் பரிமாற்றம் எவ்வாறு நிகழ்கிறது என்பதற்கு அயலார் இல்லங்களைத் தேடிச் செல்வதைக் காட்டிலும், அறிந்த இல்லத்தையே சான்றாகக் காட்டுதல் நன்று. நான் கம்பம் பள்ளத்தாக்கின் நெல்வயல்களுக்கிடையே பிறந்தவன். தமிழ் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்டவன். என் துணைவியார் மேகமலைத் தேயிலைத் தோட்டமொன்றின் லயன் வீட்டில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய தாயார் கொழுந்து பறித்தவர். அண்மையில் நாங்கள் இருவரும் மூன்று புதினங்களைப் படித்தோம். முதலில் ஒருவர், பின்னர் மற்றவர் என்பதே எங்கள் முறை.

முதலாவது, வைரமுத்துவின் ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’. வைகை அணை கட்டப்பட்டபோது நீரில் மூழ்கிய ஊர்களின் கதை இது. அணை 1959ஆம் ஆண்டு பயன்பாட்டிற்கு வந்தது. புதினம் 2003ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி பரிசைப் பெற்றது. பேயத்தேவர் என்னும் உழவரின் உழைப்பும் இழப்பும் எங்கள் இருவரையும் ஒருசேரக் கலங்க வைத்தன. இந்நூலில் எங்களுக்குள் பெரிய வேறுபாடு எழவில்லை. மேகமலையிலும் வருசநாட்டு மலைகளிலும் பெய்யும் மழையே வைகையாகி அணையில் தேங்குகிறது. “எங்கள் மலையில் பெய்த மழையா அவர் வீட்டை மூழ்கடித்தது?” என்று துணைவியார் கேட்டார். அவ்வினாவில் குற்ற உணர்வும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. மலையும் பள்ளத்தாக்கும் அணையும் ஒரே நீரால் பிணைக்கப்பட்டவை என்னும் தெளிவே இருந்தது.

இரண்டாவது, தோப்பில் முஹம்மது மீரானின் ‘சாய்வு நாற்காலி’. 1997ஆம் ஆண்டில் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற இப்புதினம், குமரி மாவட்டக் கடலோர முஸ்லிம் குடும்பமொன்றின் வீழ்ச்சியைச் சித்திரிக்கிறது. பழம்பெருமையில் திளைக்கும் முஸ்தபாக்கண்ணு, உழைப்பின்றிச் சாய்வு நாற்காலியில் அமர்ந்தபடியே, முன்னோர் தேடிவைத்த பொருள்களை ஒவ்வொன்றாக விற்றுத் தின்கிறார். நான் இந்நூலின் மொழியழகில் ஆழ்ந்தேன். தமிழும் மலையாளமும் அரபுச் சொற்களும் கலந்த அவ்வட்டார வழக்கு, ஒரு சமுதாயத்தின் முழு வரலாற்றையும் தன்னுள் அடக்கியிருக்கிறது. வீழ்ச்சியைக் கூறும்போதும் ஆசிரியரின் எள்ளல் குன்றுவதில்லை. ஒரு குடும்பம் சரிவதன் வாயிலாக ஒரு காலமே சரிவதைக் காட்டியிருப்பது நூலின் வெற்றி என்றேன்.

துணைவியார் பொறுமையுடன் கேட்டுவிட்டுக் கூறியது இது: “அந்த வீட்டில் சாய்வு நாற்காலி ஒன்றுதான் இருக்கிறது. நீங்கள் அதில் உட்கார்ந்திருப்பவரின் கதையைப் படித்தீர்கள். நான் அதில் ஒருநாளும் உட்காராதவர்களின் கதையைப் படித்தேன்.”

விற்கப்படும் ஒவ்வொரு பொருளும் அவ்வீட்டுப் பெண் துடைத்து வைத்த பொருள் என்றும், பெருமையை இழப்பவர் அவர், சோற்றை இழப்பவர் இவர் என்றும் அவர் விளக்கினார். நான் விடவில்லை. “ஆசிரியர் அதனையும் உணர்ந்துதானே எழுதியிருக்கிறார்? உணராதவராயின், நீ அதனைக் கண்டிருக்க இயலாதே” என்றேன். “உணர்ந்துதான் எழுதியிருக்கிறார். ஆனால் திறனாய்வு எழுதுகிறவர்கள் நாற்காலியைச் சுற்றியே நிற்கிறார்கள்” என்றார். இவ்விடத்தில் கருத்து வேறுபாடு நூலைப்பற்றியது என்னும் நிலையிலிருந்து, நூலை நாம் படிக்கும் முறையைப்பற்றியது என்னும் நிலைக்கு உயர்ந்துவிட்டது. நல்ல உரையாடலின் அடையாளம் இதுவேயாகும்.

மூன்றாவது, ‘எரியும் பனிக்காடு’. திருநெல்வேலிச் சீமையின் வறண்ட சிற்றூரிலிருந்து கருப்பன், வள்ளி என்னும் இளந்தம்பதியர், மேஸ்திரியின் ஆசைமொழியை நம்பி, முன்பணம் பெற்று வால்பாறைத் தோட்டத்திற்குச் செல்கின்றனர். கடன் தீர்ந்ததும் ஊர் திரும்பலாம் என்பது அவர்கள் கனவு. கடனோ தீர்வதேயில்லை. நோயும் அடியும் அவமானமும் அவர்களைச் சூழ்கின்றன. பின்னர் மருத்துவர் ஆபிரகாம் அம்மலைக்கு வருகிறார். கதை அவர் கண்வழியே தொடர்கிறது.

இந்நூலின் வரலாற்று மதிப்பை நான் மறுக்கவில்லை. ஆயினும் புதினக்கலை என்னும் அளவுகோலைக் கொண்டு நோக்கும்போது ஒரு குறையைச் சுட்டினேன். கருப்பனையும் வள்ளியையும் மையமாகக் கொண்டு தொடங்கும் கதை, இடையில் மருத்துவரைப் பற்றிக்கொண்டு நகர்ந்துவிடுகிறது. இதனால் ஒருமைப்பாடு சிதைகிறது. நடையும் பல இடங்களில் ஆவணத்தின் நடையாக இருக்கிறதேயன்றிப் புனைவின் நடையாக இல்லை என்றேன்.

“நீங்கள் நடையைப் பார்த்தீர்கள். நான் நடந்த கால்களைப் பார்த்தேன்” என்றார் துணைவியார். மழைக்காலத்தில் அட்டை கடித்த காலோடு தம் தாயார் வீடு திரும்பியதையும், எடை போடும் இடத்தில் கூடைக்கெனவும் ஈரத்திற்கெனவும் கழிவு போக எத்தனை கிலோ எழுதுவார்களோ என்று பெண்கள் வாய்மூடி நிற்பதையும் அவர் நினைவு கூர்ந்தார். வால்பாறை வேறு, மேகமலை வேறு. கருப்பன் காலம் வேறு, தம் தாயாரின் காலம் வேறு என்பதையும் அவரே நேர்மையுடன் எடுத்துரைத்தார். 1951ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தோட்டத் தொழிலாளர் சட்டம், குடியிருப்பு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம் முதலியவற்றைத் தோட்ட நிருவாகத்தின் கடமையாக்கியது. தம் தாயார் சட்டத்திற்குப் பிற்பட்டவர். வள்ளி சட்டத்திற்கு முற்பட்டவள். ஆயினும் இருவர் முதுகிலும் தொங்கியது ஒரே கூடை என்பது அவர் வாதம்.

கதை மருத்துவரிடம் சென்றுவிடுவது பற்றியும் அவர் விடையொன்று வைத்திருந்தார். “எழுதத் தெரிந்த ஒருவர் மலைக்கு வரும்வரை அவர்கள் கதை காத்துக்கொண்டிருந்தது. அவர் வந்த பிறகு அவர் கண்வழியேதான் போகும். அது கலைக்குறை இல்லை, உள்ளது உள்ளபடி.”

நான் மறுமொழியாகக் கூறினேன்: “அப்படியாயின், மேலேறி வந்தவர் கண்ணுக்குத் தெரிந்த மலைதான் இன்றுவரை எழுதப்பட்டிருக்கிறது. மலையிலேயே பிறந்தவர் எழுதினால் இந்த ஒருமைப்பாட்டுக் குறை நேராது. லயன் வீட்டில் பிறந்த மகளொருத்தி எழுத வேண்டும்.”

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “அதற்கு நேரம் வேண்டும்” என்றார்.

நேரம் யாருடையது?

அந்த ஒரு தொடரே இக்கட்டுரையின் உயிர்நிலை எனலாம். இருவர் ஒரு புதினத்தைப் படித்துக் கருத்துரைக்க வேண்டுமாயின், முதலில் இருவருக்கும் படிக்கும் நேரம் இருத்தல் வேண்டும். முந்நூறு பக்கமுள்ள ஒரு புதினத்தை, மணிக்கு முப்பது பக்கம் என்று கொண்டால், படித்து முடிக்கப் பத்து மணி நேரமாகும். அலுவலகத்திலிருந்து திரும்பும் கணவன் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால், பத்தே நாள்களில் முடித்துவிடுகிறான். மனைவியும் பத்தே நாளில் முடிக்கிறாளா? சோறு, குழம்பு, பிள்ளைகளின் பாடம், மாமியாரின் மருந்து, மறுநாளைக்குரிய மாவு ஆகிய அனைத்தும் முடிந்தபின் எஞ்சும் அரைமணி நேரத்தில் உறக்கத்தோடு போராடிப் படிக்கிறாள். அவளுக்கு அது இருபது நாள் நூல். கணவன் கருத்துச் சொல்லக் காத்திருக்கும்போது அவள் பாதியில் நிற்கிறாள். பின்னர், “பெண்களுக்கு இலக்கிய ஆர்வம் குறைவு” என்னும் தீர்ப்பு மட்டும் எளிதில் வழங்கப்படுகிறது.

தோட்டத்தில் பணிபுரியும் பெண்ணின் நாளோ இதனினும் நெருக்கடியானது. விடியுமுன் எழுந்து சமைத்து, காலைப் பிரட்டுக்குச் சென்று பெயர் கொடுத்து, நாள் முழுவதும் சரிவில் நின்று கொழுந்து பறித்து, எடை போட்டு, விறகு சேர்த்து வீடு திரும்புபவளிடம், “புதினம் படித்தாயா?” என்று கேட்பது எத்துணைக் கொடுமை! அவளைப் பற்றிப் புதினம் உண்டு. அவள் படிக்கப் புதினம் இல்லை. நூல் இல்லாமையன்று காரணம், நேரம் இல்லாமையே காரணம்.

வாசிப்பின் நேரம் மறுக்கப்படுவது தோட்டங்களில் மட்டுமன்று. துவரங்குறிச்சியைச் சேர்ந்த கவிஞர் சல்மா, பருவமெய்தியதும் பள்ளியைவிட்டு நிற்க நேர்ந்தவர். வீட்டிற்குள் இருந்தபடியே நூல்களின் துணையால் தம்மை வளர்த்துக்கொண்டு, புனைபெயருக்குள் மறைந்து எழுதினார். 2004ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’, வீட்டிற்குள் வாழும் முஸ்லிம் பெண்களின் அகவாழ்வைத் தமிழ்ப் புதினத்திற்குள் கொணர்ந்தது. அப்பெயரே சிந்திக்கத்தக்கது. எல்லோரும் உறங்கியபின் வரும் சாமமே பலகாலமாகப் பெண்ணுக்கு வாய்த்த தனிப்பொழுதாக இருந்துவந்துள்ளது.

ஆகவே, மனைவியின் கருத்தைக் கேட்க விரும்பும் கணவன் முதலில் செய்ய வேண்டுவது, புதினம் வாங்கித் தருவதன்று. அடுக்களைப் பணியில் ஒரு மணி நேரத்தைத் தான் ஏற்றுக்கொள்வதேயாகும். நூலின் விலையைவிட அந்த ஒரு மணி நேரத்தின் விலை மிகுதி.

உரையாடலுக்குச் சில நெறிகள்

மாணவ நண்பர்கள் நாளை இல்லறம் ஏற்கவிருப்பவர்கள். அவர்களுக்குப் பயன்படும் வகையில், எங்கள் பட்டறிவிலிருந்து தெளிந்த சில நெறிகளை ஈண்டுத் தொகுத்துரைக்கலாம்.

முதலாவது, இருவரும் தனித்தனியே முழுமையாகப் படித்தபின்னரே பேசத் தொடங்குதல் வேண்டும். முதலில் படித்தவர் தம் கருத்தை முன்னரே வெளியிட்டுவிட்டால், அடுத்தவர் நூலைப் படிப்பதில்லை. முதல்வரின் கருத்தையே படிக்கிறார்.

இரண்டாவது, “நூல் நன்றா, தீதா?” என்று வினவுதல் உரையாடலை முடித்துவிடும். “எந்த இடத்தில் நூலை மூடி வைத்துவிட்டு எண்ணினாய்?” என்று வினவுதல் உரையாடலைத் தொடங்கிவைக்கும். தீர்ப்புகள் இரண்டே, இடங்களோ எண்ணற்றவை.

மூன்றாவது, கதைமாந்தரைக் காட்டி வாழ்க்கைத் துணையைக் குத்துதல் கூடாது. “அவன் உங்களைப் போன்றவன்” என்று ஒருமுறை கூறிவிட்டால், அதன்பின் அவ்வில்லத்தில் புதினம் பேசப்படமாட்டாது, வழக்கே பேசப்படும். அதே வேளையில், தன்னை ஒத்த கதைமாந்தனைத் தானே கண்டுகொள்ளும் வாய்ப்பைப் புதினம் ஒவ்வொருவருக்கும் தனிமையில் அளிக்கிறது. அவ்வாய்ப்பை நூலிடமே விட்டுவிடுதல் நலம்.

நான்காவது, கற்ற கல்வியைப் படைக்கலமாக ஏந்துதல் தகாது. உத்தி, நோக்குநிலை, படிமம் என்னும் கலைச்சொற்கள் வகுப்பறைக்கு வேண்டும்; வீட்டில் அவற்றை எளிய சொற்களால் உரைக்க இயலவேண்டும். அவ்வாறு உரைக்க இயலாத கருத்து, கற்றவனுக்கே இன்னும் தெளிவாகவில்லை என்பது பொருள்.

ஐந்தாவது, முடிவில் இருவரும் ஒத்துப்போக வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. ‘எரியும் பனிக்காடு’ பற்றி எங்கள் கருத்துகள் இன்றும் வேறாகவே உள்ளன. ஒருமைப்பாட்டைப் பற்றிய என் கருத்து திறனாய்வு நெறிப்படி நிற்கிறது; கால்களைப் பற்றிய அவர் கருத்து வாழ்ந்த வாழ்வின்படி நிற்கிறது. தலைவன் கூற்றும் தலைவி கூற்றும் ஒரே தொகைநூலில் அடுத்தடுத்து நிற்கவில்லையா?

நூலகமும் சமுதாயமும்

இவையனைத்தும் தனி இல்லங்களின் முயற்சியால் மட்டும் கைகூடுவனவல்ல. 1948ஆம் ஆண்டிலேயே பொதுநூலகச் சட்டம் இயற்றி, இந்திய மாநிலங்களுக்கு வழிகாட்டியது நம் சென்னை மாகாணம். அச்சட்டத்தின் பயன் சமவெளி ஊர்களுக்குக் கிடைத்த அளவிற்கு மலைமேல் ஏறவேண்டும். கொழுந்து எடை போடும் இடத்திற்கருகில் ஒரு நூலடுக்கு இருக்குமாயின், வாரத்திற்கு ஒரு நூலேனும் லயன் வீட்டிற்குள் செல்லும். படிக்கத் தெரிந்த மகள் வாசிக்க, கூடையை இறக்கி வைத்த தாய் கேட்கலாம். எழுத்தறியாத் தாயும் கேட்டுக் கருத்துரைக்க வல்லவளே. கேட்டுச் சுவைத்தலும் வாசிப்பே என்பது நம் மரபு அறிந்த உண்மை.

நம் கல்லூரிகளில் பயிலும் மாணவியர் பலர், தத்தம் குடும்பத்தில் முதன்முதலாக நூலைக் கையிலெடுத்தவர்கள். படிப்பு முடிந்து மணமானபின் அந்நூல் அவர்கள் கையிலிருந்து நழுவிவிடுகிறது. பட்டம் சுவரில் தொங்குகிறது. வாசிப்பு பரணில் கிடக்கிறது. இந்நிலை மாற வேண்டுமாயின், மணமகன் வீட்டார் கேட்கும் சீர்வரிசைப் பட்டியலுக்கு முன்பே, மணமகள் ஒரு வினாவைக் கேட்கப் பழக வேண்டும்: “உங்கள் வீட்டில் நான் படிப்பதற்கு ஒரு மணி நேரம் உண்டா?”

முடிவுரை

புதினம் என்பது தனிமையில் படிக்கப்படும் இலக்கிய வகையாகும். ஆயினும் அதன் பயன் தனிமையில் முடிந்துவிடுவதில்லை. ஒருவர் காணாததை மற்றவர் கண்டு கூறும்போது, நூல் இரட்டிப்பாகிறது. நாற்காலியைக் கண்டவரும் நாற்காலி கிடைக்காதவரைக் கண்டவரும், நடையைக் கண்டவரும் கால்களைக் கண்டவரும் ஒரே கூரையின்கீழ் வாழ்வது இல்லறத்தின் பேறு. அப்பேறு வாய்க்க இருவர்க்கும் எழுத்தறிவு வேண்டும். இருவர்க்கும் நேரம் வேண்டும். இருவர் சொல்லுக்கும் அவ்வீட்டில் இடம் வேண்டும்.

இம்மூன்றும் லயன் வீடுகளுக்கும் எட்டும் நாளில், மேகமலையைப் பற்றிய பெரும் புதினம் கொழுந்து பறித்தவளின் மகள் கையிலிருந்தே பிறக்கும் என்பது உறுதி.